ஈர அடுப்பு

நான் நிறையப் பேரை அடித்திருக்கிறேன். குழாயடியில், பஸ் படிக்கட்டில், ஃபேக்டரி கேன்டீனில், என் கல்யாணப் பந்தலிலேயே ஒருவனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டிய காலத்தில் அந்த மிஷின் என் இடது கையில் ஒன்றரை விரலை வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்ததை மடக்கினாலும் குத்து குத்துதான். இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான் கூச்சப்படுவது ஒரே ஒரு அடிக்கும், அதற்கு எட்டு மாதம் கழித்துச் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்கும்தான். இரண்டும் என் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தவை.

எண்பதுகளின் தொடக்கம். முகப்பேரில் அப்போது ஃபிளாட்டும் இல்லை, ஸ்கூலும் இல்லை. வயல்தான். எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் அந்த வயல்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். வீட்டுமனைத் திட்டம் என்று அரசாங்கம் நிலத்தை எடுத்தபோது நிலக்காரர்களுக்கு நஷ்ட ஈடு வந்தது. ஏர் ஓட்டியவனுக்கு ஓட்ட இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். அப்பா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். வாய்க்கால் மேட்டில் எங்களுடையது முப்பது குடிசை. முப்பதும் பங்காளிகள். ஒரு கோடியில் சித்தப்பா. மறு கோடியில் வாய்க்காலை ஒட்டி அண்ணன், அவனுக்குப் பக்கத்தில் நான். நான் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனேன். அண்ணன் லாரியில் செங்கல் ஏற்றப் போனான்.

திட்டம் என்றால் என்ன என்று எங்களுக்கு முதலில் சொன்னது திட்ட ஆபீசிலிருந்து வந்த ஒரு அம்மா. நூல் புடவை, தோளில் ஜோல்னாப் பை. ஒவ்வொரு குடிசைக்கும் வந்து, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பேசுவார்.

“யார் ஊட்டுத் துட்டும்மா இது?” என்று அண்ணன் கேட்டான்.

“வெளிநாட்டு பேங்க் தர்ற கடன்ப்பா. பல நாட்டுப் பணத்தைச் சேர்த்து, ஏழை நாடுகளுக்குக் குறைஞ்ச வட்டிக்கு விடுற பேங்க்.”

“எங்களுக்கா தரான்?”

“உங்களுக்கு இல்ல, கவர்மென்டுக்கு. கவர்மென்ட் அதை வருஷக்கணக்கா திருப்பிக் கட்டும். வீடு கட்டிக் கொடுத்தா நூறு பேருக்குத்தான் கொடுக்க முடியும். அதனால மனை, ரோடு, தண்ணி, கக்கூஸ் இதை மட்டும் கொடுத்து, மீதியை நீயே கட்டிக்கோன்னு விடுறாங்க. பெரிய மனைங்களை வசதியானவங்களுக்கு நல்ல விலைக்கு வித்து, அந்த லாபத்துல உங்க மனை விலையைக் குறைப்பாங்க. நீங்க மாசா மாசம் கொஞ்சம் கட்டினா போதும்.”

அப்புறம் அவர் சொன்னதுதான் எங்கள் எல்லோர் காதிலும் ஆணி அடித்தது. வாய்க்கால் மேட்டு வழியாகப் பெரிய ரோடு வருகிறது. குடிசைகள் போகும். ஆனால் குடிசை குடிசையாக எடுக்கப்போகும் லிஸ்டில் பெயர் உள்ள குடும்பத்தை மனை கொடுக்காமல் ஒரு அடி நகர்த்தக் கூடாது. அதற்கு ஒத்துக்கொண்டுதான் அரசாங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. மீறினால் பேங்க் அடுத்த தவணையை நிறுத்திவிடும். லிஸ்டில் இல்லாதவனுக்கோ ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஒரு அடுப்புக்கு ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதைக் கவர்மென்ட்டே ஒப்புக்கொண்டதாக அண்ணன் சிரித்தான். அவனுக்கு அப்போது ஐந்து பிள்ளைகள். எனக்கு ஒரு பெண் குழந்தை.

வயலில் வேலை ஆரம்பித்தது. முதலில் எழும்பியது கக்கூஸ்கள். மனைக்கு ஒன்று, வரிசை வரிசையாக, வீடே இல்லாத பொட்டலில் நூற்றுக்கணக்கான கக்கூஸ்கள் மட்டும் நின்றன. அம்பத்தூரிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். “வெள்ளக்காரன் மொத மொத அதத்தான் கட்டுவான் போலகீது” என்றார் சித்தப்பா. நாங்களும் சிரித்தோம். ஆனால் ஒவ்வொருவனும் மனசுக்குள் ஒரு கக்கூஸைத் தன்னுடையது என்று குறித்து வைத்திருந்தான். நானும் அண்ணனும் அடுத்தடுத்த இரண்டைப் பார்த்து வைத்திருந்தோம்.

லிஸ்ட் எடுக்கப் போகிறார்கள் என்ற சேதி கசிந்த மறு வாரமே மேட்டுக்குக் கீழே புதுக் குடிசைகள் முளைத்தன. நாலு மூங்கில், இரண்டு தட்டி, மேலே ஓலை. உள்ளே மனிதன் கிடையாது. ஒரு ரவுடி ஆள் வைத்துப் போட்டவை. பெயர் ஏறியதும் மனைச் சீட்டை வாங்கி நல்ல விலைக்கு விற்றுவிடுவான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலை பல் துலக்கிக்கொண்டே போய் ஒரு மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார். “இது எங்க எடம்டா, கய்தே. பொய்க் குடிசை போட்டா நெஜக் குடிசைக்கும் ஆப்பு வெப்பான்டா.” அவர் பிடுங்கி எறிந்த மூங்கிலாலேயே அவரை அடித்தார்கள். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து அடி விழுந்துவிட்டது. நான் ஒருவன் மீது பாய்ந்து அவன் காதைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. அண்ணன் இன்னொருவன் முழங்காலைக் கடப்பாறையால் உடைத்தான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். சித்தப்பா வாயில் பல்பொடி நுரையோடு மண்ணில் கிடந்தார். பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சேதி வந்தது.

எங்கள் வழக்கம் இது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை எந்தப் பங்காளி வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் சமைத்து எடுத்து வருவார்கள். குழந்தைகளுக்குக்கூட அதுதான். எங்கள் தெருவில் முப்பதும் பங்காளி வீடு. முப்பது அடுப்பும் அணைந்தன. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். பெண்கள் எல்லோரும் சித்தப்பா குடிசை வாசலில் மாரடித்துக்கொண்டிருந்தார்கள்.

லிஸ்ட் எடுப்பவர்கள் வந்தது அன்றைக்குத்தான்.

பொய்க் குடிசையைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பொய்க் குடிசையிலும் அடுப்பு இருக்கும். எங்கிருந்தாவது அள்ளி வந்து கொட்டிய சாம்பலும் இருக்கும். ஆனால் சூடு இருக்காது. அதனால் உள்ளே போய் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடு இருந்தால் குடும்பம், இல்லையென்றால் பேப்பரில் ஒரு கோடு. கெட்டிக்காரத்தனமான வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன். துக்க வீட்டு அடுப்பும் பொய் அடுப்பும் தொட்டால் ஒரே மாதிரி இருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து கோடித்துணி வாங்க வந்தவன். பதினொரு மணி இருக்கும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போதே பார்த்தேன், அண்ணன் குடிசைக் கூரையிலிருந்து புகை வந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். தட்டியைச் சாத்திக்கொண்டு அண்ணன் அடுப்பு முன்னால் குந்தியிருந்தான். மேலே சோற்றுப் பானை. மூலையில் அவன் மனைவி கடைசிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தட்டி இடுக்கு வழியே வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாண்ணா பண்ற? பொணம் இன்னும் வரல. அட்ப்ப மூட்டிகினு குந்திகீற?”

“கத்தாத. லிஸ்ட்டுக்காரன் அந்தக் கோடில வந்துகினு கீறான். தொட்டுப் பாக்கறானாம். நீயும் போய் மூட்டு.”

“மூட்டுறதா? நாம மனுசங்களாண்ணா?”

“டேய், சித்தப்பா செத்ததே இந்த லிஸ்ட்டுக்குத்தான்டா. அதுல நம்ம பேரு வரலன்னா அந்தாளு செத்தது வேஸ்ட்டு. அவரு இருந்தா அவரே மூட்டுன்னு சொல்லுவாரு.”

அவன் சொன்னது சரி. இன்றைக்கு அதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பாவின் உடைந்த முகத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தேன். சோறு கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறியது. பானையை உதைத்தேன். கொதி கஞ்சி அவன் காலில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டு எழுந்தபோது, எரிகிற கட்டை ஒன்றை உருவி அவன் தலையில் போட்டேன். ஒரே அடி. நெற்றிக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. ஓரத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தேன். சாம்பலும் நீராவியுமாகக் குடிசையே நிறைந்தது. பிள்ளைகள் கதறின. குழந்தைக்குத் துணி எடுக்க எங்கள் குடிசைக்கு வந்திருந்த என் மனைவி சத்தம் கேட்டு ஓடி வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. தெருக்கோடி ஒப்பாரியில் எங்கள் சத்தம் கரைந்துவிட்டது.

அண்ணன் மனைவி அவன் தலையைத் துண்டால் கட்டி, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் பாடிக்குத் தையல் போடக் கூட்டிப் போனாள். அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து லிஸ்ட்காரர்கள் எங்கள் முனைக்கு வந்தார்கள். இரண்டு பேர், துணைக்கு ஒரு போலீஸ்காரர். என் அடுப்பைத் தொட்டார்கள், சில்லென்று இருந்தது.

“சாவு ஊடு சார்” என்றேன்.

“எல்லாத் தெருவுலயும் இதைத்தான் சொல்றீங்க. பாடி எங்கே?”

“ஆஸ்பத்திரில சார். சாயங்காலம் வரும்.”

“போன வாரம் ஒரு தெருவுல ஆளைப் படுக்க வெச்சு மாலையே போட்டிருந்தாங்க. நாங்க திரும்பினதும் எழுந்து பீடி பத்த வைக்கிறான். போய்யா.”

அண்ணன் குடிசைக்குள் போனார்கள். ஆள் இல்லை. அடுப்பைத் தொட்டவர் விரலில் ஈரச் சாம்பல் ஒட்டியது. அதை மூங்கில் தூணில் துடைத்துவிட்டு, பேப்பரில் என்னவோ எழுதினார். நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

லிஸ்ட் ஒட்டியபோது எங்கள் முப்பது குடிசையில் ஒன்றுகூட இல்லை. ரவுடியின் குடிசைகளில் பாதி இருந்தன. தொட்டுப் பார்ப்பார்கள் என்று தெரிந்து, அவன் ஆட்கள் அன்று காலை அடுப்பில் கனன்ற கரியைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஆட்கள் போய்த் திட்ட ஆபீஸ் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். போலீஸ் வந்து மண்டையை நொறுக்கியது. எனக்கு முதுகில் லத்தி விழுந்த தடம் ஒரு மாதம் இருந்தது. அந்த ஜோல்னாப் பை அம்மா மட்டும் கல்லையும் எடுக்கவில்லை, ஓடவும் இல்லை. எங்கள் எல்லோர் கைநாட்டையும் வாங்கி, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, தன் வேலை போனாலும் போகட்டும் என்று நேராக அந்த பேங்க்குக்கே அனுப்பினார்.

கடிதம் வேலை செய்தது. வாய்க்கால் மேட்டு ரோட்டுக்கான பணத்தை பேங்க் நிறுத்தி வைத்தது. நாங்கள் உடைத்த கண்ணாடிக்கு நகராத அதிகாரிகள் நின்றுபோன பணத்துக்கு நகர்ந்தார்கள். எட்டு மாதம் கழித்து, வேலையைப் பார்வையிட வந்த பேங்க் ஆட்களில் ஒருவர் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தார். பொட்டலில் ஷாமியானா, மேஜை, சுற்றிலும் கயிறு. கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்த ஒரு வெள்ளைக்காரர், தமிழில் சொல்ல ஒரு இளம் அதிகாரி. ஒவ்வொரு குடும்பமாகத்தான் கயிற்றுக்கு உள்ளே விட்டார்கள்.

விதி சுலபமாக இருந்தது. குடிசை விலாசம் போட்ட பழைய காகிதம் ஏதாவது இருந்தால் போதும். என்னிடம் ஃபேக்டரி கார்டு இருந்தது. மற்றவர்களிடம் ரேஷன் கார்டு. அண்ணனுடைய ரேஷன் கார்டு கடைக்காரனிடம் அடகில் இருந்தது. அவன் அப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சாதித்துவிட்டான். காகிதம் இல்லாதவனுக்குப் பக்கத்துக் குடிசைக்காரன் சாட்சி சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் நான். அன்னிக்கு எங்க அட்ப்பு எரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லுடா, போதும் என்று அவன் முதல் நாளே என்னிடம் கேட்டிருந்தான்.

என்னையும் என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டார்கள். கார்டைப் பார்த்து என் பெயரை ஏற்றினார்கள். எனக்கு மனை கிடைத்துவிட்டது. அப்புறம் அந்த வெள்ளைக்காரர் பழைய பேப்பரைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். அதிகாரி தமிழில் கேட்டார்.

“பக்கத்துக் குடிசை தனிக் குடும்பமா, இல்ல உங்க வீட்டோட சேர்ந்ததான்னு ஒரு சந்தேகம் வருது. மத்த அடுப்பெல்லாம் சில்லுன்னு இருந்ததுன்னு எழுதியிருக்கு. இந்த ஒண்ணுல மட்டும் ‘ஈரம்’னு இருக்கு. ஐயா கேக்கறார், எரிஞ்சுகிட்டிருந்த அடுப்பை யாராவது அணைச்சாங்களா? அங்க தனியா ஒரு குடும்பம் சமைச்சுகிட்டு இருந்துச்சா?”

அந்த மனுஷர் கடல் தாண்டி வந்து, ஒரே ஒரு வார்த்தையை வைத்து, என் அண்ணன் வீட்டு அடுப்புக்குள் சரியாகக் கையை விட்டுவிட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும், அண்ணனுக்கு மனை.

“இல்ல சார்” என்றேன்.

ஆமாம் என்றால் விஷயம் வெளியே வரும், சித்தப்பா பிணம் வருமுன்னால் அடுப்பு மூட்டியவன் என்று தெருவே அவனைக் காறித் துப்பும், அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அடித்தது நான், அணைத்தது நான் என்று அந்த மேஜை முன்னால் சொல்ல பயம். அது பாதி. மீதிப் பாதி இன்னும் மோசம். வழக்கத்தை மதித்து நான் அடுப்பை அணைத்து வைத்தேன், மதிக்காதவனுக்கும் எனக்கும் ஒரே மனையா என்ற ஆத்திரம். செத்தவரின் பெயரைச் சொல்லி உயிரோடிருந்தவனைத் தெருவில் விட்டேன். என் மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நகம் சதைக்குள் இறங்கியது.

கயிற்றுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். நெற்றித் தழும்பு வெயிலில் பளபளத்தது.

“சொன்னியாடா? எரிஞ்சுதுன்னு சொன்னியா?”

“சொன்னேன். நம்பலண்ணா.”

“நீ இன்னா செய்வ, உடு” என்று என் தோளில் கை போட்டான்.

எங்கள் தெருவில் மனை கிடைக்காமல் போனது அவன் ஒருவனுக்குத்தான். நிறுத்திய பணத்தை பேங்க் விடுவித்தது. இடிக்கிற மிஷின் வந்த அன்று அண்ணன் அதன் முன்னால் மல்லாந்து படுத்துவிட்டான். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் அவன் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். நான் ஒருவரைச் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவனைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எல்லோரும் என் பாசத்தைப் புகழ்ந்தார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள், இங்கே தம்பியைப் பார் என்றார் ஒரு பெரியவர். அவர் வாயிலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

அண்ணன் அயனம்பாக்கம் ஏரிக்கரை ஓரம் போய்க் குடிசை போட்டான். மழைக் காலத்தில் ஏரி உள்ளே வரும். ஒரு வருஷத்து மழையில் கடைசிப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. லாரி வேலையை விட்டுச் சித்தாளாகி, அப்புறம் கரண்டி பிடித்துக் கொத்தனாரானான். என் மனையில் கக்கூஸையும் குழாயையும் தவிர வேறொன்றும் இல்லை. அதைச் சுற்றி எனக்கு வீடு கட்டித் தந்தது அவன்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏரிக்கரையிலிருந்து நடந்து வருவான். முதல் இரண்டு வருஷம் கூலிகூட வாங்கவில்லை. “நமக்குத்தான் இல்ல, நம்ம ரத்தத்துக்காவது கீதே” என்பான். அவன் சுவர் எழுப்புகிற நாட்களில் என் மனைவி என்னிடம் பேச மாட்டாள். ஒரு முறை, “நீ சொல்றியா, நான் சொல்லவா?” என்று கேட்டாள். சொன்னால் கொன்றுபோடுவேன் என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்கிற மாதிரி ஆள் இல்லை நான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கடன் பலித்தது. பட்டா இருந்ததால் ஃபேக்டரி சொசைட்டியில் சிமெண்டுக்குக் கடன் கிடைத்தது. தவணை கட்டிக்கொண்டே பின்னால் ஒரு அறை போட்டு, ஆவடி ராணுவத் தொழிற்சாலை ஆள் ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். வீட்டிலேயே தண்ணீர் வந்ததால் என் மனைவி குழாயடியில் நிற்கிற நேரத்தில் தையல் மிஷின் ஓட்டினாள். பெரிய பெண் பாலிடெக்னிக் போனாள். பேங்க்காரன் வந்து ஏழையைக் கெடுத்துவிட்டான் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். அவன் போட்ட கணக்கு சரி, அவன் வைத்த நிபந்தனை சரி, கேட்ட கேள்வியும் சரி. பதில் சொன்னவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், மாடியில் ஒரு அறை எழுப்பிக்கொண்டிருந்தபோது, அந்த பேங்க்கிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நரைத்த முடி, பருத்திச் சட்டை, கூட ஒரு தமிழ்ப் பெண். திட்டம் முடிந்து வருஷங்கள் ஆனபிறகு, கொடுத்த கடன் உண்மையில் வறுமையைக் குறைத்ததா என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம். இங்கே பலித்திருந்தால் வேறொரு நாட்டில், வேறொரு ஊரில், இதே மாதிரி கொடுப்பார்களாம். என் வீட்டைப் பார்த்து அவருக்கு ரொம்பச் சந்தோஷம். போட்டோ எடுத்தார். நானும் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாடியில் அண்ணன் கலவையைத் தட்டிச் சுவர் வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக அந்தத் தமிழ்ப் பெண் கேட்டாள். “உங்க தெருவுல, லிஸ்ட்ல பேர் விட்டுப்போய், மனை இல்லாம காலி பண்ண வெச்ச குடும்பம் எத்தனைங்க?”

“யாருமில்ல. எல்லாருக்கும் கெட்ச்சுது.”

அந்தப் பெண்மணி தன் பேப்பரில் பூஜ்யம் போட்டார்.

காபி டம்ளர்களோடு வந்த என் மனைவி அப்படியே நின்றாள். “ஒண்ணு” என்றாள். “ஒரு ஊடு. ஏழு பேரு. ஏன் உட்டுப்போச்சுன்னு இவரையே கேளு.”

புறங்கையால் அடித்தேன். அவள் வாயில் விழுந்தது. டம்ளர்கள் தரையில் உருண்டன, காபி அந்தப் பெண்மணியின் காலில் தெறித்தது. கடைவாயிலிருந்து ரத்தம் வழிய அவள் என்னையே பார்த்தாள். ஒரு அடி பின்னால் போகவில்லை. “அடி. இன்னும் அடி. அன்னிக்கு உங்க அண்ணன் மண்டைய ஒட்ச்சியே, அட்ப்புல தண்ணிய ஊத்தினியே, அந்தக் கையாலயே அடி. எரியலன்னு சொன்ன வாயாலயே இன்னிக்கும் யாருமில்லன்ற.”

மறுபடி ஓங்கிய கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். சிமெண்டு ஒட்டிய கை. டம்ளர் விழுந்த சத்தத்துக்கே அண்ணன் இறங்கி வந்துவிட்டிருக்கிறான்.

“எரிஞ்சுதுன்னு தானேடா சொன்ன?” என்றான்.

நான் தரையில் உருண்டு கிடந்த டம்ளரைப் பார்த்தேன். அவன் பிடி மெல்லத் தளர்ந்தது. அவன் அடிப்பான் என்று நின்றேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். என்னைத் தாண்டி அந்தப் பெண்மணியிடம் போய், “அம்மா, அதுல ஒண்ணுன்னு போட்டுக்கோங்க” என்று மட்டும் சொன்னான். தமிழ்ப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பூஜ்யத்தை அடித்துவிட்டு எழுதினார்.

அண்ணன் மறுபடி மாடிக்குப் போனான். நான் ஓடிப் போய்க் கூப்பிட்டேன், அவன் திரும்பவில்லை. தளத்தில் ஒரு சட்டிக் கலவை மிச்சம் இருந்தது. விட்டால் இறுகிப் பாழாகிவிடும். அதை வீணாக்காமல், நூல் பிடித்து, கடைசி வரிசைச் செங்கலையும் வைத்து முடித்தான். கரண்டியைக் கழுவிப் பையில் போட்டான். கீழே இறங்கி, திண்டில் உட்கார்ந்து வாயை ஒற்றிக்கொண்டிருந்த என் மனைவி முன்னால் நின்றான்.

“ஏழு நாளைக்குச் செவுத்துக்குத் தண்ணி ஊத்தும்மா. இல்லன்னா வெடிப்பு உட்ரும்.”

“சரி மாமா” என்றாள் அவள்.

ஏழு நாளும் நான்தான் ஊற்றினேன். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.